ழர்னாக்கின் வாள்வீச்சு

பிரெஞ்சு மொழியில் 'கூ த ழர்னாக்' என்று ஒரு தொடர் உண்டு. 'கூ' என்னும் சொல் அடி, வெட்டு, வீச்சு என இடத்திற்கேற்பப் பொருள்படும். ழர்னாக் என்பது ஓர் ஊர். அவ்வூருக்கு உரிமை பூண்டிருந்த பிரபுவையும் அப்பெயராலேயே அழைத்தனர். ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'ழர்னாக்கின் அடி' என்றாகும். வாட்போர்க் கலையில் இது முழங்காலின் பின்புறத்தை வெட்டும் ஒரு வீச்சின் பெயர். ஆயினும் அத்தொடரை இன்று பயிற்சிக்கூடத்தில் கேட்பதைவிடச் செய்தித்தாளில் படிப்பதே அதிகம். கட்சித் தலைவர் ஒருவரை உடனிருந்தவரே எதிர்பாராத நேரத்தில் கவிழ்த்துவிட்டால் பிரான்சு நாட்டுப் பத்திரிகைகள் அதை ழர்னாக்கின் அடி என்று எழுதும். சிறிய அகராதி ஒன்றைப் புரட்டினால் 'வஞ்சகமான தாக்குதல்' என்ற பொருள் காணப்படும்.

மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு இங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. அந்த வீச்சை வீசிய மனிதர் வஞ்சகம் எதுவும் செய்தவரல்லர். நாட்டின் அரசரும், அவையோரும், பெருந்திரளான மக்களும் பார்த்துக்கொண்டிருக்க, எதிரியின் நேருக்கு நேர் நின்று, விதிகளுக்கு உட்பட்டு வீசியவர். அவர் களத்தில் இறங்கியதே தம்மீது சுமத்தப்பட்ட ஓர் அவதூறைத் துடைப்பதற்காக. அன்று அதைத் துடைத்தும் விட்டார். பிறகு அவருடைய பெயர் வஞ்சகத்துக்கே மறுபெயராயிற்று. இது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய நாம் 1547-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

செல்லுமுன் பெயரை எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. இப்பெயரின் முதல் ஒலி நம் ஜகரமும் அன்று, சகரமும் அன்று. புதுச்சேரித் தமிழர் அவ்வொலியை ழகரத்தால் எழுதும் வழக்கத்தை வளர்த்திருக்கின்றனர். ழான், ழாக் முதலிய பெயர்களை நேயர்கள் தமிழ் நூல்களில் கண்டிருக்கலாம். ழகரம் மொழிக்கு முதலில் வாராது என்ற இலக்கண விதியை நன்கறிந்தே செய்துகொண்ட விலக்கு அது. நாமும் அதையே பின்பற்றுகிறோம்.

ழர்னாக் பிரான்சின் தென்மேற்கே, ஷராந்த் ஆற்றின் கரையில் இருக்கிறது. அதே ஆற்றங்கரையில் சிறிது தொலைவில் இருப்பது கொன்யாக் நகரம். மதுவிலக்கைப் போற்றும் நேயர்களும் அந்நகரின் பெயரைப் புட்டியின்மீதாவது பார்த்திருப்பார்கள். முதலாம் பிரான்சுவா என்னும் புகழ்பெற்ற பிரெஞ்சு அரசர் 1494-இல் பிறந்தது அந்தக் கொன்யாக்கில்தான். நம் கதை அவருடைய அவையில் தொடங்குகிறது.

பிரான்சுவா அரசரின் கடைசி ஆண்டுகளில் அவருடைய அவை இரண்டு பெண்மணிகளின் பெயரால் இரு கட்சிகளாகப் பிரிந்து கிடந்தது. ஒருவர் அரசரின் அன்புக்குரிய எத்தாம்ப் சீமாட்டி. மற்றவர் பட்டத்து இளவரசர் ஹென்றியின் அன்புக்குரிய தியான் த புவாத்தியே. இருவருக்கும் ஆகாது. ழர்னாக் பிரபுவின் மகன் கி ஷபோ என்பவர் எத்தாம்ப் சீமாட்டியின் தங்கையை மணந்தவர். ஆகவே அவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. தந்தைக்குப்பின் ழர்னாக் என்ற பட்டப்பெயர் அவரை வந்தடைந்தது. வரலாறும் அவரை அப்பெயராலேயே அறியும். நாமும் இனி அவ்வாறே குறிப்பிடுவோம்.

ழர்னாக் வருவாய்க்கு மிஞ்சிய ஆடம்பரத்தோடு வாழ்ந்து வந்தார். இவ்வளவு செலவுக்கு வழி ஏது என்று ஒருநாள் இளவரசர் ஹென்றி அவரைக் கேட்டாராம். தந்தையின் இரண்டாம் மனைவி, அதாவது சிற்றன்னையார், தமக்குத் தாராளமாக உதவுகிறார் என்று ழர்னாக் சொன்னார். இந்த எளிய விடையைத்தான் அவையின் வம்புக்காரர்கள் திரித்தார்கள். 'உதவுகிறார்' என்ற சொல்லுக்கு விரசமான பொருள் ஏற்றப்பட்டது. சிற்றன்னைக்கும் மகனுக்கும் தகாத உறவு என்ற வதந்தி அரண்மனை முழுவதும் பரவிற்று. கதையைப் பரப்பியவர்களில் இளவரசரே ஒருவர் என்று வரலாற்றாசிரியர் கூறுகின்றனர். ஒரு சொல்லின் பொருளைத் திரித்ததில் பிறந்த சண்டை, இன்னொரு சொல்லின் பொருள் திரிந்ததில் முடிந்தது என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நலம்.

தந்தையின் முகத்தில் விழிக்க முடியாத நிலைக்கு ஆளான ழர்னாக், இவ்வாறு சொன்னவன் எவனாயினும் அவன் பொய்யன் என்று அவையறியக் கூறிவிட்டார். அக்காலப் பிரபுக்களிடையே ஒருவனைப் பொய்யன் என்றால் அதற்கு வாளால் விடை சொல்லியாக வேண்டும். ஆனால் பட்டத்து இளவரசர் ஒரு சாதாரணப் பிரபுவோடு களத்தில் இறங்குவதெங்ஙனம்? அவருக்குப் பதிலாக அவருடைய நண்பர் பிரான்சுவா த விவோன் முன்வந்தார். அவர் லா ஷாத்தேனரே என்னும் ஊரின் பிரபு. அந்தச் செய்தியை ழர்னாக் தம் வாயாலேயே தம்மிடம் சொன்னார் என்று அவர் அறிவித்தார். இளவரசரின் மானம் காப்பாற்றப்பட்டது. ழர்னாக்கின் மானம் முன்னிலும் மோசமாகக் கெட்டது.

லா ஷாத்தேனரே சாதாரண ஆள் அல்லர். பிரான்சின் தலைசிறந்த வாள்வீரர்களில் ஒருவர். மற்போரில் அவரை வெல்வது அரிது என்பது பெயர். ழர்னாக்கோ அவையில் நாகரிகமாக உடுத்தி உலவும் மனிதரேயன்றிச் சண்டைக்குப் பேர்போனவர் அல்லர். இருவரும் மோத அனுமதி கேட்டபோது பிரான்சுவா அரசர் மறுத்துவிட்டார். அற்ப வம்பொன்றுக்காகக் குடிப்பிறந்த இருவர் உயிரைப் பணயம் வைப்பது அவருக்கு உவப்பாக இல்லை. அவர் உயிரோடிருந்தவரையில் அந்தப் பேச்சு அடங்கியிருந்தது.

1547 மார்ச் 31-ஆம் நாள் அரசர் காலமானார். ஹென்றி அரியணை ஏறினார். எத்தாம்ப் சீமாட்டி அவையைவிட்டு விலக்கப்பட்டார். தியானின் கை ஓங்கிற்று. லா ஷாத்தேனரே மீண்டும் அனுமதி கோரினார். புதிய அரசர் கொடுத்தார். வழக்கின் மூலகர்த்தாவே இப்போது நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்தார் என்று சொன்னால் மிகையாகாது.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். இது பிற்காலத்தில் பிரபுக்கள் விடியற்காலையில் ஊருக்கு வெளியே மறைவாகச் சந்தித்து வெட்டிக்கொண்ட தனிச்சண்டை போன்றதன்று. இதை நீதிப்போர் எனலாம். சாட்சியத்தால் தீர்க்க முடியாத வழக்கில், வாதியும் பிரதிவாதியும் ஆயுதமேந்திப் பொருதால் மெய்யன் பக்கம் தெய்வம் துணை நிற்கும் என்ற நம்பிக்கையில் ஐரோப்பாவில் இடைக்காலம் முழுதும் வழங்கிவந்த ஒரு விசாரணை முறை அது. அதற்குச் சட்டதிட்டங்கள் உண்டு, கட்டியக்காரர்கள் உண்டு, இருதரப்புக்கும் துணைவர்கள் உண்டு. மந்திரத் தாயத்து எதையும் உடலில் மறைத்து வைத்திருக்கவில்லை என்று வேதநூலின்மீது கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். தோற்றவன் உயிர் வென்றவன் கையில். தோல்வியே குற்றத்துக்குச் சான்று.

அம்முறைப்படி அறைகூவப்பட்டவருக்கு ஓர் உரிமை இருந்தது. எந்த ஆயுதங்களால் பொருதுவது என்பதை அவரே தீர்மானிக்கலாம். தம் எதிரியின் வலிமையை நன்கறிந்த ழர்னாக் இந்த உரிமையை அறிவோடு பயன்படுத்தினார். முதலில் பலவகை வாள்கள், கவசங்கள், குதிரைகள், சேணங்கள் என்று ஒரு நீண்ட பட்டியலை அனுப்பினார். இவற்றில் எதை வேண்டுமானாலும் அவர் தேர்ந்துகொள்ளலாமாதலால் எதிரி அத்தனையையும் திரட்டி வைத்திருந்தாக வேண்டும். இவன் என் வீரத்தோடு மட்டுமன்றி என் பணப்பையோடும் போர் தொடுக்கிறான் என்று லா ஷாத்தேனரே நொந்துகொண்டதாகக் கூறுவர். இறுதியில் ழர்னாக் தேர்ந்தது வாளும் கேடயமும். அவற்றோடு இடக்கையை மடக்கவொட்டாத இரும்புக் கைக்கவசம் ஒன்றையும் இருவரும் அணிய வேண்டும் என்றார். கையை மடக்க முடியாவிட்டால் எதிரியை எட்டிக் கட்டிப்பிடிக்க முடியாது. மல்லனின் வித்தை பயன்படாது. இதைத் தந்திரம் என்று சொல்லலாம். நீதிபதிகளின் முன் பகிரங்கமாக வைத்து, விவாதித்து, ஒப்புக்கொள்ளப்பட்ட தந்திரத்தை வஞ்சகம் என்பது பொருந்துமா என்று நேயர்களே சொல்லட்டும்.

இதனிடையே ழர்னாக் இத்தாலிய வாள் ஆசான் ஒருவரிடம் பயிற்சி பெற்று வந்தார். அந்நாளில் வாட்போர்க் கல்விக்கு இத்தாலியே தாயகம். பொலோன்யா நகர ஆசான் அக்கில்லே மரோட்சோ 1536-இல் வெளியிட்ட பெருநூலில் வாளின் இருபக்கக் கூர்களாலும் தலை, தோள், கை, கால் என எல்லா இடங்களையும் வெட்டும் முறைகள் விளக்கப்பட்டிருந்தன. கைவிரல் மூட்டுகளை நோக்கிய கூர் மெய்க்கூர். கட்டைவிரல் பக்கத்துக் கூர் பொய்க்கூர். பொய்க்கூரால் வீசும் வெட்டு எதிரியின் கேடயத்தைச் சுற்றி வளைந்து சென்று, அவன் எதிர்பாராத இடத்தில் விழும். 'பொய்' என்ற அடைமொழி கூருக்கு வந்ததேயன்றி வீசுபவனுக்கு வந்ததன்று. முன்வைத்த காலின் முழங்கால் பின்புறத்தை வெட்டுவது இத்தாலியப் பள்ளிகளில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

லா ஷாத்தேனரேக்குத் தம் வெற்றியில் ஐயமே இல்லை. வழிபாட்டிலும் பயிற்சியிலும் ழர்னாக் நாட்களைக் கழிக்க, அவர் வெற்றி விருந்துக்கு ஏற்பாடு செய்தார். களத்தின் அருகே கூடாரம் அடித்து, நண்பர் வீட்டு வெள்ளிப் பாத்திரங்களை இரவல் வாங்கி அடுக்கி வைத்திருந்தாராம்.

1547 ஜூலை 10. பாரிசுக்கு மேற்கே சேன் ழெர்மேன் ஆன் லே என்னுமிடத்தில் அரண்மனையை அடுத்து களம் அமைந்திருந்தது. அரசர், அரசி, தியான், தூதர்கள், பிரபுக்கள் எல்லோரும் மேடையில். வேலிக்கு வெளியே தலைநகரிலிருந்து வந்து குவிந்த மக்கள். லா ஷாத்தேனரேயின் துணைவர் பிற்காலத்தில் பெரும்படைத்தலைவராகப் புகழ்பெற்ற கீஸ் குலத்துப் பிரான்சுவா. ழர்னாக்கின் துணைவர் அரசரின் குதிரைப்பந்தி அதிகாரியான பொவாசி பிரபு. ஒவ்வோர் ஆயுதத்தையும் சோதிப்பதிலும், ஒவ்வொரு கவசத்தையும் பற்றி வாதாடுவதிலும் பகல் முழுவதும் கழிந்தது. சூரியன் சாயும் வேளையில்தான் இருவரும் களத்துக்குள் விடப்பட்டனர்.

போர் நீளவில்லை. லா ஷாத்தேனரே வேகமாகப் பாய்ந்து வந்தார். ழர்னாக் கேடயத்தை உயர்த்தித் தலையைக் காத்துக்கொண்டார். அடுத்த கணம் அவருடைய வாள் தாழ்ந்து எதிரியின் இடது முழங்காலுக்குப் பின்னால் பட்டது. அடிபட்டவர் திகைத்து நிற்கையில் மற்றொரு வீச்சு, அதே பகுதியில், ஆழமாக விழுந்தது. தசைநார் அறுந்தது. பிரான்சின் பெருவீரர் நிற்க முடியாமல் மண்ணில் சரிந்தார். கூட்டத்தில் சிறிது நேரம் ஓசையே இல்லை.

எதிரியை அங்கேயே கொல்ல ழர்னாக்குக்கு உரிமை உண்டு. அவர் கொல்லவில்லை. என் மானத்தைத் திருப்பிக் கொடு என்று விழுந்தவரைக் கேட்டார். விடை வரவில்லை. பின் அரசரின் மேடையருகே சென்று மண்டியிட்டு, இம்மனிதரின் உயிரைத் தங்களுக்கே அளிக்கிறேன், என்னை மானமுள்ளவன் என்று ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வேண்டினார். அரசர் வாய் திறக்கவில்லை. ழர்னாக் திரும்பி வந்து எதிரியை மீண்டும் கேட்டார். மறுபடியும் அரசரிடம் சென்றார். மூன்றுமுறை இவ்வாறு நடந்தது. விழுந்து கிடந்தவர் குருதி இழந்துகொண்டே இருந்தார். அருகிலிருந்தோர் மன்றாடிய பின்னரே அரசர் அந்த உயிரை ஏற்றுக்கொண்டார். அந்தச் சில நிமிடங்களில் ஹென்றியின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ழர்னாக்கை மானமுள்ளவர் என்று ஒப்புக்கொண்டால் வதந்தி பொய் என்றாகும். அதைப் பரப்பியவர் யார் என்பதும் அங்கே பலருக்குத் தெரியும். எனினும் இறுதியில் அரசர் ழர்னாக்கைத் தழுவி, சீசரைப் போலப் பொருதீர், அரிஸ்டாட்டிலைப் போலப் பேசினீர் என்று பாராட்டியதாகச் சொல்லப்படுகிறது. வெற்றி ஊர்வலமாகக் களத்தைச் சுற்றிவரும் உரிமையையும் ழர்னாக் வேண்டாமென்று மறுத்துவிட்டார்.

இரவல் பாத்திரங்களோடு காத்திருந்த விருந்தைக் கூட்டம் சூறையாடிற்று. சூப்பும் இறைச்சியும் போன வழி தெரியவில்லை; வெள்ளித் தட்டுகளும் அவ்வாறே. இது அற்பச் செய்திதான். ஆனால் வீரர்களின் கதையில் இரவல் கொடுத்தவர்களின் கதியை யாரும் எண்ணிப்பார்ப்பதில்லையாதலால் ஒரு வரி சொல்லி வைக்கிறோம்.

லா ஷாத்தேனரேயின் காயம் பிழைக்க முடியாத காயம் என்று சொல்வதற்கில்லை. மருத்துவர்கள் கட்டுக் கட்டினார்கள். அவரோ தோல்வியைப் பொறுக்காமல் கட்டுகளைத் தம் கையாலேயே பிய்த்தெறிந்து உயிர் நீத்தார். இதைப் படிக்கும் தமிழருக்கு வெண்ணிப் போர்க்களத்தில் கரிகாலனோடு பொருது, மார்பில் பட்ட புண் முதுகையும் ஊடுருவியதால் அதைப் புறப்புண் என்று நாணி, வடக்கிருந்து உயிர்துறந்த சேரமான் பெருஞ்சேரலாதன் நினைவுக்கு வராமல் போகான். இருவரையும் ஒப்பிடுவது சேரமானுக்குப் பெருமையன்று என்று சிலர் சொல்லக்கூடும். அவன் பொய்ச்சாட்சி எதுவும் சொன்னவன் அல்லனே. நாணத்தின் கொடுமை மட்டும் இரு இடத்திலும் ஒன்றுதான்.

நண்பரை இழந்த ஹென்றி இனி இத்தகைய போருக்கு அனுமதி தருவதில்லை என்று உறுதிபூண்டார். பிரெஞ்சு அரசர் ஒருவர் அனுமதியளித்து, முன்னின்று பார்த்த நீதிப்போர்களில் அதுவே கடைசி. ஆனால் சட்டம் மூடிய கதவுக்குப் பக்கத்தில் வேலியே இல்லாத வழி திறந்துகொண்டது. அரசரிடம் அனுமதி கேட்பது ஒழிந்ததேயொழியப் பிரபுக்கள் வெட்டிக்கொள்வது ஒழியவில்லை. மறைவான தனிச்சண்டைகள் பெருகின. 1589 முதல் 1607 வரையிலான காலத்தில் மட்டும் இவ்வாறு மாண்ட பிரபுக்கள் நாலாயிரத்துக்குக் குறையார் என்று அக்காலத்தவர் கணக்கிட்டனர். 1626-இல் அமைச்சர் ரிஷ்லியே கடுமையான தடைச்சட்டம் கொண்டுவந்தார். மறு ஆண்டு அதை மீறிப் பாரிசின் நடுவிலேயே பட்டப்பகலில் வாள் வீசிய மோன்மொரான்சி பூத்வீல் என்னும் பெருங்குடிப் பிரபுவின் தலை கொய்யப்பட்டது. அரசர்களுக்கும் இவ்வழக்கத்துக்கும் நடந்த போராட்டம் தனியே சொல்லத்தக்க பெரிய கதை.

ஹென்றியின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். 1559-இல் தம் மகளின் திருமணத்தையொட்டி நடந்த ஈட்டி விளையாட்டில் அவர் தாமே கலந்துகொண்டார். எதிரியின் ஈட்டி முறிந்து அதன் சிலாம்பு அவர் கண்ணருகே பாய்ந்தது. சில நாட்கள் வருந்திக் கிடந்து அவர் இறந்த நாள் ஜூலை 10. சேன் ழெர்மேன் களத்தில் வாள் வீசப்பட்ட நாளிலிருந்து எண்ணிச் சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள். இதில் தெய்வத்தின் கணக்கைக் காண்போர் காணலாம். நாம் தேதியை மட்டும் குறிப்பிடுகிறோம். ழர்னாக்கோ அவ்வரசருக்குப் பின்னும் பல ஆண்டுகள் வாழ்ந்தார். லா ரொஷேல் துறைமுக நகரின் ஆளுநராகவும் பணிபுரிந்தார்.

இனித் தொடரின் கதைக்கு வருவோம். அன்று களத்தில் இருந்த எவரும், தோற்றவரின் துணைவர்கள் உட்பட, அந்த வீச்சு முறையற்றது என்று கூறி முடிவைச் செல்லாததாக்கவில்லை. மறைந்தவரின் தமக்கை மகனான பிராந்தோம் என்பவர் பிற்காலத்தில் தனிப்போர்களைப் பற்றி விரிவாக எழுதினார். இப்போரைப் பற்றி நாம் அறிவதில் ஒரு பகுதி அவர் வழியாக வந்ததே. தாய்மாமனை இழந்தவர் எழுதிய வரலாற்றில் வென்றவருக்கு வாழ்த்துக் கூறியிருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. பொதுமக்கள் பேச்சில் முதலில் ழர்னாக்கின் அடி என்றால் யாரும் நினைத்துப் பாராத, எதிரியை ஒரேயடியாக முடித்துவிடும் திறமையான அடி என்றே பொருள். நினைத்துப் பாராத அடி என்பதற்கும் மறைந்திருந்து அடித்த அடி என்பதற்கும் இடையே உள்ள தூரம் குறைவு. கதையை மறந்த தலைமுறைகள் அந்தத் தூரத்தை அறியாமலே கடந்துவிட்டன. 18-ஆம் நூற்றாண்டில் ஏசுசபையாரின் கைவண்ணத்தில் வெளிவந்த ட்ரெவூ அகராதி, தொடருக்கு நேர்மையின்மையின் சாயலைக் கொடுத்தது. அகராதியில் ஏறிய பழியை அழிப்பது களத்தில் வெல்வதைக் காட்டிலும் கடினம்.

1863 முதல் வெளிவரத் தொடங்கிய தம் பேரகராதியில் லித்ரே என்னும் பெரும்புலவர் இதைத் திருத்த முயன்றார். அந்த அடி மிகத் திறமையானது, அதில் வெறுக்கத்தக்கது ஏதுமில்லை, தீய பொருள் வழக்கினால் புகுந்தது, அதைக்கொண்டு ழர்னாக்கின் நேர்மையை ஐயுறுதல் கூடாது என்ற கருத்துப்பட எழுதினார். அகராதி எழுதுபவர் ஒரு சொல்லுக்குப் பொருள் கூறுவதோடு நில்லாமல் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவருக்காக வழக்காடுவது அரிய காட்சி. நம்மைக் கேட்டால் அவருடைய பெருநூலின் சிறந்த வரிகளில் அவையும் சில. எனினும் வழக்கு லித்ரேயைப் பொருட்படுத்தவில்லை. பத்திரிகைகள் பழைய பொருளிலேயே எழுதி வருகின்றன. பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மித்தரான் 1916-இல் பிறந்ததும், 1996-இல் அடக்கம் செய்யப்பட்டதும் இதே ழர்னாக்கில்தான். அரசியல் சாதுரியத்துக்குப் பெயர்போன அவருடைய காலத்தில் இத்தொடரை வைத்துச் சிலேடை செய்யாத எழுத்தாளர் குறைவு.

சொற்கள் இவ்வாறு தரம் தாழ்வது தமிழருக்குப் புதிதன்று. 'நாற்றம்' என்ற சொல் சங்க காலத்தில் நறுமணத்தைக் குறித்தது. இன்று ஒருவர் வீட்டு மலரை அச்சொல்லால் பாராட்டினால் உறவே முறிந்துவிடும். வடமாநிலங்களில் வாழும் நேயர்கள் வேறொரு வகை மாற்றத்தை நாள்தோறும் காண்கின்றனர். நம் ஊரில் உத்தியோகம் என்றால் வேலை. இந்தியில் உத்யோக் என்றால் தொழில்துறை. நம் உபந்நியாசம் கோயில் மண்டபத்துச் சொற்பொழிவு. அவர்களுடைய உபந்யாஸ் நாவல். ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்களே இவ்வளவு விலகுமாயின், வாள்முனையில் பிறந்த தொடர் நாலரை நூற்றாண்டுகளில் தடம் புரண்டதில் வியப்பென்ன?

'கூ' என்ற சொல்லின் வரலாறும் சுவையானதே. கிரேக்க மொழியில் கன்னத்தில் விழும் அறையைக் குறித்த சொல் இலத்தீன் வழியாக வந்து பிரெஞ்சில் இவ்வுருவம் பெற்றது. ஒரு நாட்டில் படையினர் திடீரென ஆட்சியைக் கைப்பற்றினால் உலகப் பத்திரிகைகள் அதைக் 'கூ' என்றே எழுதுகின்றன. தமிழ்ப் பத்திரிகைகள் அதை நெடுநாள் 'இராணுவப் புரட்சி' என்று பெயர்த்தன. புரட்சிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு உணரப்பட்டபின் 'ஆட்சிக் கவிழ்ப்பு' என்ற சொல் செல்வாக்குப் பெற்றது. அடி, கவிழ்ப்பு என்ற இரண்டில் முன்னதே மூலத்துக்கு அண்மையானது என்றாலும் பின்னதே தமிழில் பொருந்துகிறது. மொழிபெயர்ப்பில் இத்தகைய விட்டுக்கொடுத்தல் இன்றியமையாதது.

அப்படியானால் ழர்னாக்கின் அடியைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது? 'முதுகில் குத்துதல்' என்ற தொடர் நம் மேசையில் எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது. இன்றைய அரசியல் கட்டுரை ஒன்றில் ஆசிரியர் கருதும் பொருள் அதுவாயின் வேறு வழியில்லை. ஆசிரியரின் கருத்தைத் திருத்துவது மொழிபெயர்ப்பாளரின் வேலையன்று. ஆனால் 16-ஆம் நூற்றாண்டைப் பற்றிய நூலிலோ, வாட்போர்க் கலையைப் பற்றிய நூலிலோ அத்தொடர் வரும்போது 'எதிர்பாராத வெட்டு' என்று எழுதுவதே நியாயம். முதுகில் குத்தியவர் என்ற பட்டத்தை ஒருவருக்கு மூலத்தில் சூட்டியதே போதும். நாமும் ஒரு மொழியில் கூடுதலாகச் சூட்ட வேண்டியதில்லை.

வாட்போர் இன்று ஒலிம்பிக் விளையாட்டு. பன்னாட்டு வாட்போர்ச் சம்மேளனம் 1913-இல் பாரிசில் நிறுவப்பட்டது. இன்றும் பன்னாட்டுக் களங்களில் நடுவர் கட்டளையிடுவது பிரெஞ்சு மொழியில். 2021 ஜூலையில் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் சென்னைப் பெண்மணி பவானி தேவி அந்தக் கட்டளைகளைக் கேட்டு சேபர் வாளேந்தினார். ஒலிம்பிக் வாட்போரில் இந்தியாவின் சார்பில் பங்குகொண்ட முதல் வீராங்கனை அவர். முதற் சுற்றில் துனீசிய வீராங்கனையை 15-க்கு 3 என்ற கணக்கில் வென்று, அடுத்த சுற்றில் பிரான்சு நாட்டு மனோன் புருனேயிடம் 7-க்கு 15 என்று தோற்றார்.

இவ்விளையாட்டில் மூன்றுவகை வாள்கள் உண்டு. ஃபாயில் வாளில் குத்துக்கு மட்டுமே புள்ளி. அதுவும் உடலின் நடுப்பகுதியில் பட வேண்டும். எப்பே வாளில் உச்சி முதல் உள்ளங்கால் வரை எங்கே பட்டாலும் புள்ளி உண்டு. ஆனால் அங்கும் நுனியால் குத்த வேண்டுமேயன்றி வெட்டக் கூடாது. பவானி தேவி ஏந்திய சேபரில் வெட்டுக்குப் புள்ளி உண்டு. ஆனால் இடுப்புக்கு மேலேதான். ஆகவே 1547-இல் ஒரு வழக்கைத் தீர்த்த அந்த வீச்சுக்கு, முழங்காலின் பின்புறத்தை வெட்டும் அந்த வெட்டுக்கு, இன்று மூன்று வாள்களில் எதிலும் புள்ளி கிடையாது.